வெள்ளைச் சாம்பல் எதற்குச் சாட்சி?

மூன்று கோடைகளுக்கு முன்னர் ஒரு ஞாயிறு மாலை, ஸ்காபரோவில் அத்தானின் வீட்டுப் பின்வளவில் இருந்தோம். அத்தானுக்கு இரத்தப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருந்தது. வாந்திக்கும் நித்திரையின்மைக்கும் கஞ்சா உதவுகிறது என்று அவர் கண்டுகொண்டிருந்தார். வைத்தியரும் எழுத்தில் அனுமதித்திருந்தார். ஆனால் அன்று அவர் கையில் இருந்தது கடையில் வாங்கியதல்ல. இரண்டு தெரு தள்ளி இருக்கும் தெரிந்த பெடியன் ஒருவன் தன் வீட்டு நிலக்கீழறையில் வளர்த்துக் கொண்டுவந்து கொடுத்தது. விலை கடையிலும் பாதி.

அந்தப் பெடியன் பீங்கான் தட்டில் கிடந்த சாம்பலை எனக்குக் காட்டினான். "அங்கிள், பாருங்கோ. திருநீறு மாதிரி வெள்ளை. ஒரு மருந்தும் அடிக்கேல்லை. கெட்ட சாமான் எண்டால் சாம்பல் கரிக்கட்டி மாதிரி கறுக்கும்."

அவன் பொய் சொன்னான் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவன் அதை உண்மையாகவே நம்பினான். கஞ்சா வளர்ப்போரிடமும் புகைப்போரிடமும் உலகம் முழுவதும் இந்த நம்பிக்கை இருக்கிறது. வெள்ளைச் சாம்பல் வந்தால் செடி நன்றாக வளர்க்கப்பட்டது, உரம் கழுவப்பட்டது, நஞ்சில்லை. கறுத்த சாம்பல் வந்தால் உரமும் மருந்தும் செடிக்குள் மிஞ்சிக் கிடக்கின்றன. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

நான் வணிகப் பட்டதாரி. விஞ்ஞானி அல்லன். இங்கு வந்து அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, தொழிற்சாலை, பேக்கரி எல்லாம் தாண்டி, கடைசியில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதும் தொழிலுக்கு வந்தவன். என்னுடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் சிறு அளவில் கஞ்சா வளர்க்க மத்திய அரசிடம் அனுமதி பெற்றவர். கனடாவில் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்டோபர் 17-ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த பூவுக்கு ஒரு கிராமுக்கு 1 டொலர் அல்லது விற்பனைப் பெறுமதியில் 10 வீதம், இவற்றில் எது கூடவோ அது கலால் வரி. அந்தக் கணக்கைப் பார்க்கப் போய், அவருடைய கோப்புகளில் இருந்த ஆய்வுகூட அறிக்கைகளையும் வாசிக்கத் தொடங்கினேன். அத்தானுக்கு நடந்ததற்குப் பிறகு அவற்றை இன்னும் கவனமாக வாசித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பில் வந்தது. கஞ்சா பாவிக்கும்படி நான் யாருக்கும் சொல்லவில்லை. ஏற்கெனவே பாவிப்பவர்கள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பயன் இல்லை.

சாம்பல் என்றால் என்ன?

ஒரு செடியின் உடல் பெரும்பாலும் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றால் ஆனது. நைதரசனும் கொஞ்சம் உண்டு. எரியும்போது இவை வாயுவாகவும் நீராவியாகவும் போய்விடும். போக முடியாமல் மிஞ்சுவது செடி வேர் வழியே மண்ணிலிருந்தோ உரக் கரைசலிலிருந்தோ எடுத்துக்கொண்ட கனிமம்: பொட்டாசியம், கல்சியம், மக்னீசியம், பொசுபரசு, சிலிக்கா, சிறிதளவு இரும்பு, மங்கனீசு. இவற்றின் ஒட்சைட்டுகளும் காபனேற்றுகளும் பொசுபேற்றுகளும் இயல்பில் வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் நிறம். விறகில் இந்தக் கனிமம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. புகையிலை போன்ற இலைகளில் ஐந்தில் ஒரு பங்கு வரையும் போகும்.

அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வருகிறது? கறுப்பு என்பது எரிந்து முடியாத காபன், அதாவது கரி. உரமும் அல்ல, நஞ்சும் அல்ல. அடுப்படியில் இருந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பசுஞ்சாண உருண்டையை உமிக்குள் வைத்து மூட்டமிட்டு, ஆறுதலாக முழுவதும் நீறும்வரை விட்டால் வெண்ணீறு வரும். அவசரப்பட்டு இடையில் கிளறி எடுத்தால் உள்ளே கறுப்பாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே மாட்டின் சாணம், மாடு தின்றதும் ஒரே புல்.

ஆகவே சாம்பலின் நிறம் முதலில் சொல்வது ஒன்றே ஒன்று: எரிதல் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது. செடி எப்படி வளர்ந்தது என்பது அதற்குப் பின்னால், பல சுவர்களுக்கு அப்பால் நிற்கும் கேள்வி.

அந்தச் சுவர்களில் பெரியது ஈரப்பதன். அறுவடை செய்த பூவை இருட்டான அறையில், சுமார் 15 முதல் 21 பாகை செல்சியசில், 50 முதல் 60 வீத ஈரப்பதனில், பத்துப் பன்னிரண்டு நாள் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பிறகு போத்தலில் அடைத்து, இடைக்கிடை திறந்து காற்றுக் காட்டி, வாரக்கணக்கில் பதப்படுத்துவார்கள். இந்தக் காலத்தில் பச்சையம் சிதைகிறது, மாப்பொருளும் சீனியும் குறைகின்றன, நீர் வெளியேறுகிறது. இதை அவசரமாக முடித்த பூ வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். பற்றவைத்தால் அந்த நெருப்பின் வெப்பத்தில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். கரி எரிந்து முடியாது, சாம்பல் கறுக்கும். மிகச் சிறந்த முறையில் வளர்த்த செடியாக இருந்தாலும் இதுதான் நடக்கும். மறுபக்கம், இரண்டு வருடம் பெட்டியில் கிடந்து வாசமும் வலுவும் போன பழைய சரக்கு சருகாகக் காய்ந்திருப்பதால் அழகான வெள்ளைச் சாம்பல் தரும்.

சுருட்டும் விதமும் உண்டு. இறுக்கமாகச் சுற்றினால் காற்றுப் புகாது. அரைக்காமல் கட்டியாகப் போட்டாலும் அப்படித்தான். அடிக்கடி இழுப்பவருக்கு நெருப்பு கூடச் சூடாகும், சாம்பல் வெளிறும். கதை பேசிக்கொண்டு கையில் வைத்திருப்பவருக்குக் கறுக்கும். இன்னுமொன்று பலருக்குத் தெரியாது: சுற்றும் தாளிலேயே சாம்பலை வெள்ளையாக்கும் பொருள் இருக்கலாம். சிகரெட் தாளில் கல்சியம் காபனேற்று, அதாவது எங்கள் சுண்ணாம்புக் கல்லின் பொருள், நிரப்பியாகச் சேர்க்கப்படுகிறது. சீராக எரிவதற்குச் சித்திரிக்கமில உப்புகளும் போடுவார்கள். அப்படிப்பட்ட தாளில் சுற்றிப் புகைத்துவிட்டு, சாம்பலின் வெண்மைக்காகத் தோட்டக்காரனைப் புகழ்கிறோம். பாராட்டில் பாதி தாள் செய்த தொழிற்சாலைக்குப் போகவேண்டியது.

சுருட்டுக்காரர் அறிந்தது

இந்த நம்பிக்கைக்கு அடியில் உண்மை ஒரு துளியும் இல்லை என்று சொன்னால் அது தவறு. அது கஞ்சாவுக்கு வருமுன்னர் புகையிலையில் இருந்தது. அங்கே அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை நட்ட குடும்பங்களில் வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் அப்பையாவுக்குத் தரைத் தோட்டம் இருந்தது. அவர் பூவரசங்குழை தாழ்ப்பார், ஆட்டுப் பட்டி அடைப்பார், நல்ல தண்ணீர்க் கிணறுள்ள தறையில் மட்டும் புகையிலை வைப்பார். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த இலை "நெருப்பு நிக்காது" என்பார். சுருட்டின் சாம்பல் அரை விரல் நீளத்துக்கு விழாமல், வெளிறி நிற்கவேண்டும். கறுத்து, பற்றவைத்துப் பற்றவைத்து அணைந்தால் அந்தத் தறை இலையை அடுத்த வருடம் வாங்கமாட்டார்.

அவர் சொன்னதை இரசாயனம் ஏற்றுக்கொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில் ஷ்லோசிங் என்ற வேதியியலாளர் புகையிலை எரிவதைப் பொட்டாசியத்தின் சேதன உப்புகளோடு தொடர்புபடுத்திக் காட்டினார். 1907-இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் டபிள்யூ. டபிள்யூ. கார்னர் இலையின் சேர்க்கைக்கும் எரியும் தன்மைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். பொட்டாசியம் எரிதலுக்கு உதவுகிறது, குளோரைட்டு தடுக்கிறது. இலையில் குளோரைட்டு நூற்றுக்கு இரண்டு வீதத்தைத் தாண்டினால் எரிதல் பழுதாகிவிடும் என்பது இன்று புகையிலைப் பயிர்ச்செய்கையில் பாடம். அதனால்தான் புகையிலைக்குப் பொட்டாசியம் குளோரைட்டு உரத்தைத் தவிர்த்துப் பொட்டாசியம் சல்பேற்று போடுவார்கள். உவர்க் கிணற்றின் உப்பும் குளோரைட்டுத்தான். அப்பையா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.

ஆக, பயிர்ச்செய்கை சாம்பலில் தெரியும், சில வேளைகளில். ஆனால் கவனியுங்கள்: அப்பையா ஒரே ஊரின், ஒரே இனத்தின், ஒரே முறையில் புகைபோட்டுப் பதப்படுத்திய இலைகளைத்தான் ஒப்பிட்டார். மற்ற எல்லாம் ஒன்றாக இருந்ததால் தண்ணீரின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. யார், எங்கே, எப்படி உலர்த்தினார்கள், எந்தத் தாளில் சுற்றினார்கள் என்று தெரியாத ஒரு கஞ்சாப் பூவில் அந்த ஒப்பீடு நிற்காது. அவர் இலை நன்றாக எரியுமா என்றுதான் பார்த்தார். அதை உண்டால் உடம்புக்கு நல்லதா என்று சாம்பலிடம் கேட்கவும் இல்லை.

உரம் கழுவும் கதை

கஞ்சா வளர்ப்பவர்கள் அறுவடைக்கு முந்திய ஒன்று இரண்டு வாரங்களில் உரத்தை நிறுத்தி வெறும் தண்ணீர் மட்டும் விடுவார்கள். இதற்கு 'ஃபிளஷிங்' என்று பெயர். செடிக்குள் தேங்கிய உரம் கழுவிப் போய்விடும், அதனால் புகை மென்மையாகவும் சாம்பல் வெள்ளையாகவும் இருக்கும் என்பது எண்ணம். கறுத்த சாம்பலைக் கண்டால் "கழுவேல்லை" என்று சொல்வது இதனால்தான்.

செடி குழாய் அல்ல, மேலால் தண்ணீர் விட்டால் கீழால் உரம் ஓட. சாடியில் இருக்கும் உப்பு கழுவிப் போகும், உண்மை. பூவின் இழையங்களில் சேர்ந்துவிட்ட கல்சியமும் பொசுபரசும் வேர் வழியே திரும்பி வரா. ஒன்ராறியோவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் 2017-இல் சமர்ப்பிக்கப்பட்ட ஒரு முதுநிலை ஆய்வேடு, இந்தக் கழுவல் பூவிலுள்ள கனிமங்களைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை என்று கண்டது. அதன் பின் கொலராடோவில் ஒரு நிறுவனம் ஒரே இனச் செடிகளை 14 நாள், 10 நாள், 7 நாள் கழுவியும், சிலவற்றைக் கழுவாமலும் வளர்த்து ஒப்பிட்டது. விளைச்சலிலும் வீரியத்திலும் வேறுபாடு இல்லை. எது எது என்று தெரியாமல் புகைத்துப் பார்த்தவர்கள் கழுவாததையே சற்று விரும்பினார்கள். கணக்காளன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும்: அந்த நிறுவனம் உரம் விற்கும் நிறுவனம். உரத்தைக் கடைசிநாள் வரை போடலாம் என்ற முடிவு அவர்களுக்கு நட்டமில்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்து முடிவும் அதே பக்கம்தான் சாய்கிறது.

மிஞ்சிய நைத்திரேற்று உரம்தான் கறுக்க வைக்கிறது என்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பொட்டாசியம் நைத்திரேற்றுக்கு எங்கள் ஊர்ப் பெயர் வெடியுப்பு. பட்டாசில் போடுவது. தாள் தொடர்ந்து எரிவதற்கும் அதைப் பூசுவதுண்டு. அது மிஞ்சினால் பூ நன்றாக எரியவேண்டும், சாம்பல் வெளுக்கவேண்டும். மாறாக அமோனியம் பொசுபேற்று உரமாகவும் பயன்படுகிறது, தீயணைக்கும் தூளாகவும் பயன்படுகிறது. அது கூடினால் எரிதல் மந்தமாகலாம். "உரம் கூடினால் கறுப்பு" என்று ஒரே வரியில் முடிக்கமுடியாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஆய்வுகூடம் சாம்பலிடம் கேட்பது

சாம்பலைச் சோதிப்பது மூடநம்பிக்கை என்று நினைத்துவிடவேண்டாம். மூலிகைத் தரக்கட்டுப்பாட்டில் அது பழைய, மதிப்புள்ள சோதனை. ஆனால் அங்கே பார்ப்பது நிறத்தை அல்ல, நிறையை.

மாதிரியை முதலில் உலர்த்தி நிறுப்பார்கள். பீங்கான் கிண்ணத்தில் வைத்து மின்சூளையில் 550 பாகை செல்சியஸ் அளவில், நிறை இனிக் குறையாது என்னும் வரையும் எரிப்பார்கள். கறுப்பு மிஞ்சியிருந்தால் நனைத்து உலர்த்தி மறுபடி எரிப்பார்கள். அங்கே கறுத்த சாம்பல் என்று ஒரு முடிவு இல்லை, 'இன்னும் முடியவில்லை' என்பதுதான் உண்டு. சுத்தமான பயிரானாலும் அழுக்கான பயிரானாலும் கடைசியில் வெளிறிய சாம்பல்தான். மங்கனீசு இருந்தால் இலேசான பச்சை, இரும்பு இருந்தால் செம்மை தட்டும். மிஞ்சியதை நிறுத்தால் கிடைப்பது மொத்தச் சாம்பல்.

அடுத்தபடிதான் எனக்குப் பிடித்தது. அந்தச் சாம்பலை ஐதரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள். செடியின் இயல்பான கனிமங்கள் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாமல் நிற்பது மணல், மண், கண்ணாடி போன்ற சிலிக்கா. இதற்கு அமிலத்தில் கரையாச் சாம்பல் என்று பெயர். ஆயுர்வேத, சித்த மருந்துகளின் தர நூல்களில் ஒவ்வொரு மூலிகைக்கும் இந்த இரண்டுக்கும் உச்ச வரம்பு இருப்பது இதனால்தான். வேரை மண்ணோடு நிறுத்து விற்பவனைப் பிடிப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. சித்த வைத்தியத்தில் பற்பத்துக்கும் சோதனை உண்டு: விரலில் தேய்த்தால் ரேகைக்குள் இறங்கவேண்டும், தண்ணீரில் மிதக்கவேண்டும், மினுக்கம் இருக்கக்கூடாது. அவையும் புடம் சரியாக முடிந்ததா என்று கேட்கும் சோதனைகளே.

கஞ்சாவில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2006-2007 காலத்தில் பிரித்தானியாவில் நுண்ணிய கண்ணாடி மணிகளும் மணலும் தூவிய கஞ்சா பரவி, 2007 ஜனவரியில் சுகாதாரத் திணைக்களம் எச்சரிக்கை விடுத்தது. நோக்கம் நிறையைக் கூட்டுவது. பளபளப்பும் தரும் என்பதால் நல்ல பூப்போலத் தோன்றும். அதைவிடக் கொடியது ஜேர்மனியின் லைப்சிக் நகரில் நடந்தது. 2007-இல் வயிற்றுவலி, இரத்தச்சோகை என்று இளைஞர்கள் ஒவ்வொருவராக வைத்தியசாலைக்கு வந்தார்கள். எல்லோருக்கும் இரத்தத்தில் ஈயம். விசாரித்தபோது பொதுவாக இருந்தது கஞ்சா ஒன்றுதான். அதில் ஈயத் துகள் கலக்கப்பட்டிருந்தது, மறுபடியும் நிறைக்காகத்தான். முதலில் அறிக்கையிடப்பட்டவர்கள் 29 பேர். மரக்கறிக் கடையில் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். இது அதே களவு, ஈயத்தால் செய்தது.

வேண்டுமென்று கலக்காவிட்டாலும் இந்தச் செடி மண்ணிலுள்ள பார உலோகங்களை நன்றாக உறிஞ்சக்கூடியது. செர்னோபில் விபத்தால் மாசடைந்த நிலத்துக்கு அருகே, 1990-களின் இறுதியில் இதன் நார் இனமான ஹெம்பை நட்டு மண்ணைத் துப்புரவாக்க முடியுமா என்று பார்த்தது இந்தக் குணத்துக்காகவே. ஆகவே எந்த மண், எந்த உரம் என்பது முக்கியம். ஆனால் அதை அறியவும் சாம்பல் போதாது. பாதரசம் 357 பாகையிலேயே கொதித்துப் போய்விடும். கட்மியமும் ஆசனிக்கும் பெரிதும் புகையோடு போகின்றன, அதாவது புகைப்பவரின் நெஞ்சுக்குள். அதனால் ஆய்வுகூடங்கள் உலோகம் பார்க்கும்போது எரிப்பதை விட்டு, மூடிய பாத்திரத்தில் அமிலத்தில் கரைத்து, ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற கருவியில் அளக்கின்றன.

பரீட்சை மீதி சரி வந்தால் போதுமா?

கணக்கியல் படித்த எவருக்கும் முதல் வருடத்திலேயே ஒரு பாடம் வரும். பரீட்சை மீதியின் இருபக்கமும் சமப்பட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு கொடுக்கல்வாங்கலை முழுதாகவே ஏட்டில் எழுதாமல் விட்டால், அது விடு வழு. இருபக்கமும் சமமாகத்தான் வரும். களவெடுப்பவர்கள் விரும்புவது இந்த வழுவைத்தான்.

வெள்ளைச் சாம்பலும் அப்படித்தான். பீடைநாசினிகள் பெரும்பாலும் சேதனச் சேர்வைகள். எரிந்துபோகும், அல்லது ஆவியாகிப் புகையில் சேரும். சாம்பலில் எழுதப்படவே மாட்டா. மைக்கிலோபியூட்டனில் என்ற பூஞ்சைநாசினி முந்திரிகை போன்ற பயிர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் சூடாக்கும்போது சிதைந்து ஐதரசன் சயனைட்டை வெளிவிடக்கூடியது. 2016-2017 காலத்தில் கனடாவில் அனுமதி பெற்ற மருத்துவக் கஞ்சா உற்பத்தியாளர் சிலரின் பொருட்களிலேயே இது கண்டுபிடிக்கப்பட்டு, பொருட்கள் மீளப்பெறப்பட்டன. அந்தப் பூவை எரித்தாலும் சாம்பல் வெள்ளையாகவே வந்திருக்கும். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், 2019 ஜனவரியிலிருந்து அனுமதி பெற்றவர்கள் 90-க்கு மேற்பட்ட பீடைநாசினிகளுக்குக் கட்டாயம் சோதிக்கவேண்டும் என்ற விதி வந்தது. என் வாடிக்கையாளர் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வுகூடத்துக்குக் கட்டும் காசைப் பார்க்கும்போது எனக்கே வயிறு எரியும். கடைவிலைக்கும் நிலக்கீழறை விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்தச் சோதனை.

இரண்டாவது விடுபாடு பூஞ்சணம். ஈரம் சரியாகப் போகாத பூவில் அஸ்பர்ஜில்லஸ் வளரலாம். அதன் வித்திகள் கண்ணுக்குத் தெரியா. எரியும் முனையில் அழிபவை போக, எரியாத பகுதியில் உள்ளவை இழுக்கும் காற்றோடு நுரையீரலுக்குப் போகமுடியும். சுகதேகிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கீமோ எடுப்பவருக்கு, உறுப்பு மாற்றிக்கொண்டவருக்கு, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து குடிப்பவருக்கு அது உயிருக்கு ஆபத்தான நுரையீரல் தொற்றாகலாம்.

அத்தானுக்கு அந்த செப்டெம்பரில் காய்ச்சல் தொடங்கியது. பிறகு இருமல், பிறகு மூச்சு. நுரையீரலில் பூஞ்சணத் தொற்று என்றார்கள். மூன்று கிழமை வைத்தியசாலையில் இருந்தார். கஞ்சா புகைப்பாரா, எங்கே வாங்குவார் என்று வைத்தியர் கேட்டபோது அக்கா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். அதனால்தான் வந்தது என்று வைத்தியர் சொல்லவில்லை. இந்த வித்திகள் காற்றிலும் மண்ணிலும் எங்கும் இருக்கின்றன, எங்கிருந்து வந்தது என்று ஒருபோதும் உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். புகைப்பதை மட்டும் உடனே நிறுத்தச் சொன்னார். நான் அன்று பின்வளவில் அந்தச் சாம்பலைப் பார்த்துத் தலையாட்டியது உண்மை. அழகாக இருந்தது என்று சொன்னதும் உண்மை.

பாவிக்கும் வீடுகளுக்குச் சில விடயங்கள்

சட்டப்படி விற்கும் பொதியில் கலால் வரி முத்திரை இருக்கும். மாகாணத்துக்கு மாகாணம் அதன் நிறம் வேறுபடும். தொகுதி எண்ணும் பொதிசெய்த திகதியும் இருக்கும். மீளப்பெறும் அறிவித்தல் வந்தால் தொகுதி எண்ணை வைத்துத்தான் பார்க்கமுடியும், ஆகவே பொதியை உடனே எறியவேண்டாம். கீமோ போன்ற சிகிச்சையில் இருப்பவர்கள் எதைப் பாவிப்பதென்றாலும் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். வெட்கத்தால் மறைப்பது எங்கள் ஆட்களிடம் அதிகம்.

ஒன்ராறியோவில் 19 வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் சொந்தப் பாவனைக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். தலைக்கு நான்கல்ல, வீட்டுக்கு நான்கு. அப்படி வளர்ப்பவர்கள் சாம்பலைப் பார்ப்பதைவிட ஓர் ஈரப்பதன்மானி வாங்குவது நல்லது. பூவின் நீர்ச் செயற்பாடு 0.55-க்கும் 0.65-க்கும் இடையில் இருக்கவேண்டும் என்று ஏ.எஸ்.டி.எம். தர அமைப்பு சொல்கிறது. அடைத்த போத்தலுக்குள் மானி 55-க்கும் 65-க்கும் இடையில் காட்டினால் ஏறத்தாழ அதே கணக்கு. அதற்கு மேலே போனால் பூஞ்சணம் பிடிக்க இடமுண்டு. புழுங்கிய வைக்கோல் மணம் வந்தாலோ, உடைத்தால் உள்ளே சாம்பல் பூத்த நூல்போல் ஏதும் தெரிந்தாலோ எறிந்துவிடுங்கள்.

வளர்த்ததை விற்றால் கதை வேறு. சட்டவிரோத விற்பனைக்கு உச்சத் தண்டனை 14 வருடம். பத்து வருடமோ அதற்கு மேலோ உச்சத் தண்டனை உள்ள குற்றத்துக்குக் கனடாவில் தீர்ப்புப் பெற்றால், குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றம். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரே நாட்டில் இருக்கும் தகுதியை இழக்கலாம். 2018 டிசம்பரிலிருந்து போதையில் வாகனம் ஓட்டுவதற்கும் உச்சத் தண்டனை பத்து வருடம் என்பதால் அதுவும் இதற்குள் வருகிறது. குடியுரிமை எடுக்காமல் வருடக்கணக்காக இருப்பவர்கள் எங்களில் எத்தனை பேர் என்று எனக்கு வரிப் படிவங்களில் தெரியும். எல்லை கடக்கும்போது மருத்துவ அனுமதி இருந்தாலும் கொண்டுபோகக்கூடாது, கொண்டுவரவும் கூடாது.

அந்தப் பெடியனிடம் பிறகு பேசினேன். கோபப்படவில்லை. அவனுடைய நிலக்கீழறையில் உலர்த்தும் மூலையைக் காட்டச் சொன்னேன். சுவரில் கையை வைத்தால் ஈரம் ஒட்டியது. அடுத்த கிழமை ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கி வைத்ததாகச் சொன்னான். யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் சொன்னான்.

அத்தான் இப்போது புகைப்பதில்லை. வைத்தியர் சம்மதத்தோடு இரவில் நாக்கின் கீழ் எண்ணெய் சில துளி. ஒவ்வொரு போத்தல் வாங்கும்போதும் அதன் தொகுதி எண்ணையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறேன். அக்கா அதை என்னுடைய பேரேடு என்று பகிடி பண்ணுவா.